ஒரே காலையில் எட்டு முறை ரத்தம் கொடுத்த நோயாளி

அனுப்புநர்:
செவெரோ லைமே கொண்டோரி,
அரசுப் பள்ளி இசை ஆசிரியர்,
ரயில் நிலையத்துப் பின் தெரு,
ஓருரோ.

பெறுநர்:
நுகர்வோர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
காப்பீட்டு மேற்பார்வை அலுவலகம்,
லா பாஸ்.

பொருள்: மருத்துவக் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டமை – நான் நோயாளியா, ஆரோக்கியமானவனா என்பதை முடிவு செய்து, இரண்டாம் அறுவைச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றுத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தொர்ரெ பிளாங்கா காப்பீட்டு நிறுவனத்தின் கடிதங்கள் மூன்று, நாள் 28.8.2017, 20.9.2017, 11.10.2017. (மூன்றாவது முதல் இரண்டுக்கும் முரணானது. மூன்றும் இன்றுவரை நடைமுறையில் உள்ளன.)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். கீழ்க்காணும் செய்திகளை நடந்தது நடந்தபடி வரிசையாக எழுத முயன்றுள்ளேன். எங்கேனும் தங்களுக்குத் தலை சுற்றினால் பொறுத்தருள வேண்டுகிறேன். எனக்கும் அங்கேதான் சுற்றியது.

1. நான் இந்நகரின் அரசுப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக இசை ஆசிரியர். திருவிழா நாட்களில் 'தகர நட்சத்திரம்' பேண்டு குழுவில் ட்யூபா ஊதுபவன். பேண்டிலேயே பெரிய குழல் அதுதான். அடிவயிற்றிலிருந்து காற்றைக் கொண்டுவர வேண்டும். இதை எழுதக் காரணம் உண்டு, பின்னால் வரும். எங்கள் ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தின் வழியாக மேற்படி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகக் காப்பீடு வைத்துள்ளேன். தவணை ஒன்றும் தவறியதில்லை. இந்த ஆண்டுக்கு முன் ஒரு தலைவலிக்குக்கூட அவர்களை நான் தொந்தரவு செய்ததில்லை.

2. கடந்த ஆகஸ்டு 6, நாட்டின் விடுதலை நாள் பவனியில் ஊதிக்கொண்டிருந்தபோதே வயிறு கல்லாக இறுகத் தொடங்கியது. முதல் நாள் தின்ற பன்றி வறுவல் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் மனைவி பாசிலியா என்னை ஒரு மருத்துவமனையில் சேர்த்தாள். குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது, எட்டு மணிக்கு வயிற்றைத் திறக்காவிட்டால் ஆள் தங்காது என்று டாக்டர் எலியானா மொந்தானியோ கூறினார். காப்பீட்டு அட்டையைக் காட்டி, மீதிக்குத் தானே பொறுப்பு என்று என் மனைவி கையெழுத்திட்டாள். செலுத்தப்போகும் ரத்தத்துக்கு ஈடாக ஆறு பேராவது உடனே வந்து ரத்தம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இது எங்கள் மருத்துவமனைகளின் வழக்கம். நோயாளிக்குக் கொடுத்ததை நோயாளியின் ஆட்கள் திருப்பித் தந்தாக வேண்டும்.

3. அன்று ஆகஸ்டு 7, ராணுவ நாள் அணிவகுப்பு. எங்கள் குழு காலை ஏழு மணிக்கே சிவப்புக் கோட்டும் தொப்பியுமாகத் தெருமுனையில் கூடியிருந்தது. பெரிய டிரம் அடிக்கும் திரு. நிக்கானோர் திக்கோனா என் மகளுக்கு ஞானத்தகப்பன், வயது அறுபத்தொன்று. என் மனைவி அவருக்குத்தான் தொலைபேசியில் சொன்னாள். அவர் குழுவைப் பார்த்து, "டேய், செவெரோ வயித்தக் கிழிக்கப் போறாங்களாம். ரத்தம் இருக்கிறவன்லாம் வாங்கடா, இல்லாதவன் டிரம்மப் பாத்துக்க" என்றாராம். எட்டுப் பேர் வந்தார்கள்.

4. இங்கேதான் பிழை நேர்ந்தது. யாரையும் குற்றம் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை, ஆகவே எங்கள் பேண்டின் ஒரு பழக்கத்தை விளக்க வேண்டியுள்ளது. நாங்கள் எந்த விழா வீட்டுக்கு வாசிக்கப் போனாலும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். உள்ளே நுழையும் ஒவ்வொருவரும் அதில் தன் பெயரை எழுதுவதில்லை. விழா யாருடையதோ அவர் பெயரை ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். வரிகளை எண்ணி அத்தனை தட்டு உணவு அனுப்புவார்கள். யாருடைய காரியமோ அவருடைய பெயர். முப்பது ஆண்டுகளாக இப்படித்தான். ரத்த வங்கியின் படிவத்தில் இரண்டு இடங்கள் இருந்தன: மேலே கொடுப்பவர் பெயர், கீழே நோயாளி பெயர். எட்டுப் பேரும் இரண்டு இடத்திலும் என் பெயரையே எழுதினார்கள். என் மனைவி நோயாளியின் அடையாள எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதையும் சிரத்தையாகப் பார்த்து இரண்டு இடத்திலும் எழுதினார்கள். அன்று அங்கே ஒரே ஒரு செவிலியர். எட்டுச் சிவப்புக் கோட்டுகள் அணிவகுப்புக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தியதில், அவர் படிவங்களைப் பார்க்காமலே வாங்கி அடுக்கிவிட்டார்.

பிறகு எட்டுப் பேரும் வாசலில் சுடச்சுட ஆப்பி என்னும் சோளக் கஞ்சி குடித்துவிட்டு அணிவகுப்புக்குப் போனார்கள். மேடைக்கு நேராக வந்தபோது இரண்டாம் டிரம்பெட் வால்தெர் உகார்த்தே மயங்கி விழுந்தார். ராணுவத்தார் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை.

5. நண்பகலில் கண் விழித்தேன். உயிரோடு இருந்தேன். இடது பக்க வயிற்றில் ஒரு துளையும் அதில் ஒட்டிய ஒரு பையும் இருந்தன. குடலைத் திரும்ப இணைக்க மூன்று மாதம் கழித்து இரண்டாம் அறுவை செய்ய வேண்டும், அதுவரை பை இருக்கும், ட்யூபாவைத் தொடவே கூடாது, ஊதினால் குடல் வெளியே தள்ளிவிடும் என்று டாக்டர் அம்மையார் கண்டிப்பாகச் சொன்னார். மேலே நான்காம் பத்தியில் எழுதியது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது.

6. ஆகஸ்டு 28 அன்று நிறுவனத்தின் முதல் கடிதம் வந்தது. அதன் வாசகம்: "மருத்துவமனை ஆவணங்களின்படி, தாங்கள் அறுவைச் சிகிச்சையில் இருந்ததாகக் கூறும் நாளன்று காலை 7.20 முதல் 9.05 வரை எட்டு முறை ரத்த தானம் செய்துள்ளீர்கள். ரத்த தானம் செய்ய உடல்நலம் சான்றளிக்கப்பட்டிருக்க வேண்டும். எனவே அவசர நோய் நிலை நிறுவப்படவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது."

நான் இதை நான்கு முறை படித்தேன். பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு முறைக்கு ஏறத்தாழ அரை லிட்டர் எடுக்கிறார்கள். எட்டு முறை என்றால், ஒரு மனிதனின் உடம்பில் உள்ளதில் முக்கால் பங்கு போய்விடும். அதன் பிறகும் நான் நலமாக இருப்பதாக நிறுவனத்தின் மருத்துவர் கடிதத்தின் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்.

7. செப்டம்பர் 4 அன்று நேரில் சென்றேன். முகப்பில் செல்வி ஜிமெனா என்பவர் இருந்தார். மரியாதையான பெண், குறை சொல்ல மாட்டேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "சார், சிஸ்டத்துல நீங்க ரொம்ப ஆரோக்கியமா இருக்கீங்க" என்றார். என் வயிற்றில் பை இருக்கிறது என்றேன். "பை சிஸ்டத்துல வரல சார்" என்றார். சட்டையைத் தூக்கிக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "வேணாம் சார், நான் மத்தியானம் சாப்பிடணும்" என்றார். பிறகு மனமிரங்கி, நான் ரத்தம் கொடுக்கவில்லை என்று ரத்த வங்கியிலிருந்தே ஒரு சான்றிதழ் வாங்கி வந்தால் போதும் என்று வழி சொன்னார்.

8. ரத்த வங்கிக்குச் சென்றேன். கொடுத்தவர்களுக்கு மட்டுமே சான்றிதழ் தருவோம், கொடுக்காதவர்களுக்குத் தருவதற்குப் படிவம் இல்லை என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஊரில் கொடுக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். என் பெயரைக் கேட்டதும் பொறுப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். "நீங்கதானா அது" என்றார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

செப்டம்பர் 14 அன்று ரத்த வங்கியின் ஆண்டு விழாவில், இவ்வாண்டின் சிறந்த கொடையாளர் என்று எனக்குப் பாராட்டுப் பத்திரமும் ஒரு வெள்ளிப் பதக்க ஊசியும் வழங்கப்பட்டன. தவறு நடந்திருக்கிறது என்று மூன்று முறை சொன்னேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு மேலும் கைதட்டினார்கள். இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைக்க விரும்பவில்லை. என் மனைவி அந்த ஊசியை என் கோட்டில் குத்திவிட்டபோது நான் தடுக்கவில்லை. ஒரு மாதமாக என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் முதலில் என் வயிற்றைப் பார்த்தார்கள். அன்று ஒரு நாள் முகத்தைப் பார்த்தார்கள். புகைப்படக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்துவிட்டேன்.

9. அந்தப் புகைப்படம் உள்ளூர்ச் செய்தித்தாளில் வந்தது. செப்டம்பர் 20 தேதியிட்ட இரண்டாம் கடிதத்துடன் அதன் நகல் இணைக்கப்பட்டிருந்தது. "காப்பீடு பெற்றவர் பொதுமேடையில் நின்று, தம் கொடையைத் தாமே ஏற்றுக்கொண்டு, நல்ல உடல்நிலையில் சிரிப்பதைக் காணலாம்" என்று எழுதியிருந்தார்கள். என் மனைவி அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இனிமே எங்க போனாலும் மூஞ்சிய உர்ர்னு வச்சுக்கோ" என்றாள். அன்றிலிருந்து அப்படியே நடந்து வருகிறேன்.

10. இதற்குள் குழுவினர் மூலம் உண்மை எனக்குத் தெரியவந்தது. அக்டோபர் 2 அன்று எட்டுப் பேரும் நோட்டரி முன்னிலையில், அந்த ரத்தம் தங்களுடையதே என்று உறுதிமொழி கொடுத்தார்கள். ஏன் என் பெயரை எழுதினீர்கள் என்று நோட்டரி கேட்டார். திரு. நிக்கானோர், "பின்ன யாரு பேர எழுதுறது? வயிறு அவனுதுதானே" என்றார். நோட்டரிக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

11. உறுதிமொழிகளைப் பெற்றுக்கொண்ட நிறுவனம் அக்டோபர் 11 அன்று மூன்றாம் கடிதத்தை அனுப்பியது. அதன்படி, என் பெயரில் வேறு எட்டுப் பேர் ரத்தம் கொடுத்தது ஆள்மாறாட்டம் ஆகும். ஒப்பந்தத்தின் பொய்த் தகவல் பிரிவின்கீழ் என் கோரிக்கை மறுபடியும் நிராகரிக்கப்படுகிறது.

ரத்தப் பரிசோதனையாவது உண்மையைச் சொல்லும் என்று நம்பினேன். எட்டு ரத்தப் பைகளில் ஏழு ஓ பாசிட்டிவ். நானும் ஓ பாசிட்டிவ். எங்கள் மேட்டு நிலத்தில் பத்துக்கு ஒன்பது பேர் அதுதான். ஆகவே ஏழும் என்னுடையதாக இருக்கத் தடையில்லை என்கிறது நிறுவனம். எட்டாவது பை, திரு. நிக்கானோருடையது, ஏ பாசிட்டிவ். ஒரே மனிதனுக்கு ஒரே காலையில் இரண்டு வகை ரத்தம் இருக்க முடியுமா என்று எழுதிக் கேட்டேன். அது தனியாகப் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

12. அம்மையீர், என் குழப்பத்தை ஒரே இடத்தில் வைத்துச் சொல்கிறேன். இரண்டாம் கடிதப்படி ரத்தம் கொடுத்தது நான். எனவே நோயாளி அல்ல. எனவே பணம் இல்லை. மூன்றாம் கடிதப்படி ரத்தம் கொடுத்தது நான் அல்ல, எனவே மோசடிக்காரன், எனவே பணம் இல்லை. கொடுத்தது நான் அல்ல என்றால், அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நான் மேசைமேல் வயிறு திறந்து கிடந்தேன். இதைச் சொல்ல டாக்டர் எலியானா மொந்தானியோ தயாராக இருக்கிறார். அவர் கொடுத்த அறிக்கை, கோப்பு முரண்பாட்டில் இருப்பதால் முரண்பாடு தீர்ந்த பிறகே படிக்கப்படும் என்று சொல்லிவிட்டார்கள்.

13. பழைய செலவைப் பற்றி மட்டும் என்றால் இந்த மனுவை எழுதியிருக்க மாட்டேன். அதற்கு என் மனைவி மருத்துவமனையில் தவணை கேட்டிருக்கிறாள், எப்படியோ ஓடுகிறது. இரண்டாம் அறுவைக்கு முன் அனுமதி கேட்டபோது, அக்டோபர் 23 அன்று முகப்பில் வாய்மொழியாகக் கிடைத்த பதில்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. "முதல் ஆபரேஷனே நடக்கலன்னு கம்பெனி சொல்லுது சார். நடக்காத ஆபரேஷனுக்கு ரெண்டாவது எப்படி சார் போட முடியும்?" என்றார் செல்வி ஜிமெனா. அவர் கேட்ட விதத்தில் உண்மையாகவே வழி தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

14. டிசம்பருக்குள் இணைத்தால்தான் நன்றாகக் கூடும், நாள் போகப் போகக் கடினம், பிறகு பை நிரந்தரமாகிவிடவும் கூடும் என்று டாக்டர் அம்மையார் சொல்லியிருக்கிறார். எனக்கு வயது நாற்பத்தாறு. எனக்குப் பயமாக இருக்கிறது. பாடம் நடத்தும்போது பை சத்தமிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எதற்கும் சிரிக்கிறவர்கள், இதற்கு மட்டும் சிரிப்பதில்லை. தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு கார்னிவலுக்கான முதல் பவனி. எங்கள் வரிசையில் மூன்று ட்யூபாக்கள். நடுவில் என் இடம். வேறு ஆளைப் போடுங்கள் என்று நானே சொன்னேன். போடவில்லை. இடத்தைக் காலியாக விட்டு ஒத்திகை நடத்துகிறார்கள். எதிர்க் குழுவினர் பார்த்துவிட்டு, "என்னப்பா, உங்க பேண்டுக்கு முன்பல்லு விழுந்துடுச்சா?" என்று கேலி செய்கிறார்களாம். "விழல, ஆடுது. மறுபடி இறுகிடும்" என்று திரு. நிக்கானோர் பதில் சொன்னாராம். நான் அன்று ஒத்திகைக்குப் போகவில்லை. கேட்டுவிட்டு வீட்டில் அழுதேன்.

15. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

அ) ஆகஸ்டு 7 அன்று நான் நோயாளியாக இருந்தேனா, கொடையாளராக இருந்தேனா என்பதைத் தங்கள் அலுவலகம் ஒரே ஒரு வரியில் முடிவு செய்து நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

ஆ) மற்றவை எவ்வளவு தாமதமானாலும், இரண்டாம் அறுவைக்கான அனுமதியை டிசம்பர் முதல் வாரத்துக்குள் வழங்கும்படி ஆணையிட வேண்டும்.

இ) நான் ஆரோக்கியமானவன்தான் என்று தாங்கள் முடிவு செய்தால், அதையும் எழுத்தில் தந்து, இந்தப் பையை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிவிக்க வேண்டும்.

ஈ) இரண்டாம் அறுவைக்கும் ரத்தம் கேட்பார்கள். எட்டுப் பேரும் மீண்டும் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். கொடுத்தால் மறுபடி என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருப்பதால், அவர்கள் எப்படிக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் நன்று.

வெள்ளிப் பதக்க ஊசியை இம்மனுவுடன் அனுப்பியுள்ளேன். உரியவர்கள் எட்டுப் பேர், ஊசி ஒன்று. எப்படிப் பங்கிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கும்,

செவெரோ லைமே கொண்டோரி
(கையொப்பம்)

இடம்: ஓருரோ
நாள்: 6.11.2017

இணைப்பு: பார்வையில் கண்ட கடிதங்களின் நகல்கள் 3, ரத்த வங்கிப் படிவ நகல்கள் 8, நோட்டரி உறுதிமொழிகள் 8, டாக்டரின் அறிக்கை (படிக்கப்படாதது) 1, சிரிக்கும் புகைப்படம் 1, வெள்ளி ஊசி 1.

மேற்கண்டவை உண்மை என்று சான்றளிக்கும் ரத்தம் கொடுத்தோர். (இம்முறை அவரவர் பெயரை அவரவரே எழுத வேண்டும் என்று அருகில் நின்று சொன்னேன்.)

1. எர்மோஹெனெஸ் பாகோ – முதல் டிரம்பெட்
2. வால்தெர் உகார்த்தே – இரண்டாம் டிரம்பெட்
3. இல்தெஃபோன்சோ கபா – டிராம்போன்
4. ருஃபினோ தோலா – டிராம்போன்
5. சிஸ்தோ கொல்கே – ட்யூபா
6. லெயாந்த்ரோ அயாவிரி – ட்யூபா
7. பொர்ஃபிரியோ அலானோகா – பெரிய தாளம்
8. செவெரோ லைமே கொண்டோரி – பெரிய டிரம்

குறிப்பு: எட்டாவது கையெழுத்து என்னுடையது அல்ல. அடித்துவிட்டுச் சொந்தப் பெயரை எழுதும்படி அவரிடம் கேட்டேன். தம் ரத்தம் வேறு வகை என்பதால் எனக்குச் செலுத்தப்படாமல் வேறு நோயாளிக்குப் போய்விட்டது என்று ரத்த வங்கியில் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "ரத்தந்தான் உனக்குச் சேரல தம்பி, பேராவது சேரட்டும்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். அதன்பின் நான் வற்புறுத்தவில்லை. அவருடைய பெயர் நிக்கானோர் திக்கோனா என்பதை, அவர் போன பிறகு, நானே இங்கே எழுதி வைக்கிறேன்.